பகலில் மூடிய திரை

ஹோபார்ட், டாஸ்மேனியா
6 மே 1974

மரியாதைக்குரிய எவெர்ட் பெரியப்பாவுக்கு,

அலீடா எழுதுகிறேன். உங்கள் தம்பி டெர்க்கின் மகள், வயது இருபது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். குளிர்காலத்தில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். இப்போது தேவலையா?

இந்தச் செய்தியும் உங்கள் முகவரியும் உங்கள் எதிர்வீட்டு ஹிசிங்க் அம்மாள் மூலம் கிடைத்தன. அவருக்கும் என் அம்மாவுக்கும் வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டைப் பழக்கம். அப்பாவுக்கு அதுவும் பிடிக்காது, ஆனால் அட்டையை மேஜையில் வைத்தால் யாரும் இல்லாத நேரத்தில் எடுத்துப் படிப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பல்கலைக்கழக மாணவர் இசைக்குழு ஆகஸ்டில் உங்கள் நாட்டுக்கு வருகிறது. நான் அதில் ஹார்ன் ஊதுகிறேன். டூஸ்புர்க் பெரிய தேவாலயத்தில் ஒரு கச்சேரி இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் மாணவர்களை வீடுகளில்தான் தங்க வைக்கிறார்கள். எனக்கும் என் தோழி மொய்ராவுக்கும் உங்கள் வீட்டில் சில நாள் இடம் கிடைக்குமா?

நீங்களும் அப்பாவும் நான் பிறப்பதற்கு முன்பே பேச்சை நிறுத்திவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. கேட்டால் அப்பா மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவார். ஆனால் நெஞ்சுவலி என்று கேட்டபிறகு எனக்குப் பொறுக்கவில்லை. உங்களிடமிருந்து அப்பாவுக்கு ஒரு வரியாவது வாங்கிக்கொண்டு வருவதாக அம்மாவிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது அல்லவா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி மகள்,
அலீடா வாசிங்க்


டூஸ்புர்க்
21 மே 1974

அலீடாவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

வீட்டில் இடம் இருக்கிறது. காலையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், மத்தியானமும் அதேதான். சூடாகச் சாப்பிடுவது சாயங்காலம் ஒருவேளை. ஆறு மணிக்குச் சாப்பாடு, ஆறேகாலுக்கு வந்தால் பாத்திரம் கழுவலாம்.

நான் மதகுக் காவலனாக இருந்தவன். படகு வந்தால் கதவைத் திறப்பேன், போனால் மூடுவேன். அதிகம் பேசி எனக்குப் பழக்கமில்லை. எதிர்வீட்டுக்காரியோடு ஈஸ்டரிலிருந்து பேச்சே இல்லை. என் பூனை அவள் தொட்டியைக் கிளறியதாம். பூனை கிளறாமல் வயலினா வாசிக்கும்?

பந்தயத்தில் தோற்பாய். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எ. வாசிங்க்


அல்வர்ஸ்டன், டாஸ்மேனியா
20 ஜூன் 1974

அன்பு மகள் அலீடாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். உன் சளி விட்டதா? இங்கே உறைபனி. உருளைக்கிழங்கு நிலம் இன்னும் சேறாகத்தான் கிடக்கிறது. சிவப்புப் பசு கன்று போட்டது, கிடேரி.

பயணத்துக்குத் தேவையான கம்பளி உள்ளாடைகளை அம்மா அனுப்பியிருக்கிறாள். அங்கே அது கோடைதான் என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. ஒருவிதத்தில் அவள் சொல்வதும் சரி, அந்த ஊர்க் கோடையை நம்ப முடியாது.

ஹார்னின் வாயில் தண்ணீர் தங்கவிடாதே. கச்சேரிக்கு முன்னால் கடுகு தின்னாதே, அந்த ஊரில் எதற்கும் கடுகு வைப்பார்கள்.

எங்கே தங்கப்போகிறாய் என்று அம்மா சொன்னாள். உன் இஷ்டம்.

அந்த வீட்டுப் படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும். மேலிருந்து மூன்றாவது படி ஆடும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கு.

அப்பா


டூஸ்புர்க்
11 ஆகஸ்ட் 1974, ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பா,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். வழியில் மூன்று பேருக்கு வாந்தி, ஒரு வயலினுக்கு விரிசல். எனக்கும் என் ஹார்னுக்கும் ஒரு குறையும் இல்லை. நீங்களும் அம்மாவும் கன்றுக்குட்டியும் சுகந்தானே?

பெரியப்பா உங்களைப் போலவே இருக்கிறார், மூக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிது. வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ம், வாசிங்க் காதுதான்," என்றார். அதோடு வரவேற்பு முடிந்தது.

மொய்ராவின் செல்லோ வாத்தியத்தை வைக்கும் ஆளுயரப் பெட்டியைப் பார்த்ததும் அவர் படிக்கட்டை ஒருமுறை பார்த்தார். தெருப்பக்கத்து முன்னறையிலேயே எங்களுக்குப் படுக்கை போட்டுவிட்டார். மூன்றாவது படி இன்னமும் ஆடுகிறது, அப்பா. நான் போய் மிதித்துப் பார்த்தேன்.

முதல் நாள் சாப்பாட்டின்போது கேட்டார்: "ஹார்ன் யாரு கத்துக் குடுத்தா?"

"அப்பாதான். அவரோட பழைய ஊதுகுழல்லதான் ஆரம்பிச்சேன்."

"அதையா கொண்டு போனான் அவன்?" என்றார். பிறகு பூனைக்குப் பால் ஊற்ற எழுந்தவர் வெகுநேரம் திரும்பவில்லை. ஒரு பூனை எவ்வளவு பால்தான் குடிக்கும்?

ஊரைச் சுற்றிப் பார்த்தோம். தெருக்கள் எல்லாம் வளைந்து வளைந்து கடைசியில் ஆற்றில்தான் கொண்டுவிடுகின்றன. மொய்ரா ஒவ்வொரு வாசலிலும் செதுக்கியிருக்கும் வருஷத்தைப் படித்து, "இந்த வருஷத்துல நம்ம ஊர்ல ஒரு கங்காருவுக்குக்கூட விலாசம் இருந்திருக்காது," என்கிறாள். ஒருகாலத்தில் சந்தைச் சரக்கை நிறுத்த, இப்போது காபிக்கடையாக இருக்கும் பழைய எடைக்கூடத்தில் காபி குடித்தோம். ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு டப்பாவை மூடிவிட்டார்கள். காற்று அடிக்கும் பக்கமெல்லாம் கடுகு வாசனை. நீங்கள் போனபோது தேவாலயக் கோபுரம் போரில் குண்டு வெடித்து விழுந்து வெறும் கல் குவியலாகக் கிடந்ததாமே? இப்போது முழுசாக நிற்கிறது. அதைச் சொன்னபோது பெரியப்பா, "அவனுக்கு இது தெரியாது," என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. நான் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விடியற்காலையில் அவர் ஒரு நண்பரோடு படகில் விலாங்கு பிடிக்கப் போய்விட்டார். திங்கள் மாலைதான் வருவார். டாக்டர் கூடாதென்று சொல்லியிருக்கிறாராம், அதனால் தெருவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர் தலை மறைந்ததும் நாங்கள் செய்த முதல் காரியம், முன் ஜன்னல் திரையை இழுத்து மூடியதுதான். அவர் இருந்தவரை காலை ஆறு மணிக்கே திறந்துவிடுவார். போகிற வருகிறவர்கள் எல்லாம் எங்கள் படுக்கையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எதிர்வீட்டு ஹிசிங்க் அம்மாள் ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்னக் கண்ணாடியே மாட்டியிருக்கிறார், நாற்காலியை விட்டு எழாமல் தெரு முழுவதையும் பார்க்கலாம். நாங்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் திரையைத் திறக்கவே இல்லை. மதியம்வரை செத்த பிணம் மாதிரி தூங்கினோம். நம் வீட்டு முன் ஜன்னலுக்குத் திரை போட நீங்கள் ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள் என்று இப்போது புரிகிறது, எல்லாம் இந்த ஊர்ப் பழக்கம். சோபா வெளுத்துப்போகிறது என்று அம்மா புலம்புவது எனக்குத்தான் கேட்கிறது.

இன்று கச்சேரி. இந்த ஊர் மனிதர்களைப் போல அன்பானவர்களை நான் பார்த்ததில்லை. நானும் மொய்ராவும் கறுப்பு நீள அங்கியில், கறுப்பு செல்லோப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தபோது, ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். இசைக்கு இவ்வளவு மரியாதையா! கச்சேரி முடிந்ததும் முன்பின் தெரியாத அம்மாள்கள் வரிசையாக வந்து என் கையை மட்டும் பிடித்து அழுத்தினார்கள். ஒருவர், "தைரியமா இருக்கணும், கண்ணு," என்றார். என் தனிவாசிப்பில் ஒரு இடம் தடுமாறியது உண்மைதான், ஆனால் அவ்வளவு மோசமில்லை. பேக்கரிக்காரர் காசு வாங்காமல் ரொட்டி கொடுத்துவிட்டார்.

பந்தயத்தில் இன்னும் தோற்கவில்லை. நீங்களும் ஒரு வரி எழுதினால் என் வேலை பாதியாகும்.

உங்கள் மகள்,
அலீடா


தந்தி
டூஸ்புர்க், 12 ஆகஸ்ட் 1974

எவெர்ட் வீட்டுத் திரை சனிக்கிழமையிலிருந்து மூடியிருக்கிறது. உங்கள் மகள் கறுப்பு உடையில். அருகாமை வீட்டாரின் கடமையாகத் தெரிவிக்கிறேன். ஆழ்ந்த வருத்தங்கள். ஹிசிங்க்.


அல்வர்ஸ்டன்
13 ஆகஸ்ட் 1974

அண்ணா,

சுகமா என்று கேட்டு ஒரு கடிதத்தை ஆரம்பிக்க எனக்கு இருபத்திரண்டு வருஷம் இருந்தது. இனிக் கேட்க வழியில்லை.

இது வந்து சேரும்போது உன் அடக்கம் முடிந்திருக்கும். அலீடாவோ வேறு யாரோ உன் மண்ணுக்குப் பக்கத்தில் நின்று இதை ஒருமுறை படிக்கட்டும். உரக்க வேண்டாம். உறையில் உன் பெயரைத்தான் எழுதுகிறேன். வேறு யார் பெயரை எழுதுவது?

நேற்று தந்தி வந்தபோது வேலி கட்டிக்கொண்டிருந்தேன். தந்தியைப் பையில் வைத்துக்கொண்டு மிச்ச வேலியையும் கட்டி முடித்தேன். என் மனைவி பெரில் கேட்டாள், "என்னங்க, ஏன் இப்படி நிக்கிறீங்க?" திரை மூடியாச்சாம் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பகலில் முன் ஜன்னல் திரை மூடியிருந்தால் அந்த வீட்டில் சாவு என்பது இந்த ஊர்க்காரிக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு நான் சொன்னதே இல்லை. சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

நான் டாஸ்மேனியாவுக்குக் கிளம்பிய காலை உனக்கு நினைவிருந்ததா? நீ சாப்பாட்டு மேஜையைவிட்டு எழுந்திருக்கவில்லை. நான் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். நீ ஜன்னலில் இருந்தாய். கையைத் தூக்கினேன். நீ திரையை இழுத்து மூடினாய். பட்டப்பகல், தெரு முழுக்க ஆட்கள். இந்த வீட்டில் ஒருவன் செத்தான் என்று, பெட்டியும் கையுமாக நான் நிற்கும்போதே ஊருக்குச் சொன்னாய்.

அன்றைக்கு முடிவு செய்தேன், செத்தவன் கடிதம் எழுதமாட்டான் என்று. என் வீட்டு முன் ஜன்னலுக்குத் துணி தொங்கக்கூடாது என்றும். பெரில் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். வெயில் வருகிறது, வரட்டும் என்பேன்.

ஆனால் அண்ணா, உண்மையைச் சொல்கிறேன், இப்போது யாரிடம் மறைக்க? ஒருநாள் நீ அந்தத் திரையைத் திறப்பாய் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். கோபம் மேலே கிடந்தது, அடியில் இதுதான் இருந்தது. நீயாகத் திறக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். நான் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். அலீடா தட்டினாள். அவளை நீ உள்ளே விட்டாய். அதற்கு நன்றி.

நம் ஊர் பாண்டு வாத்திய ஊர்வலங்களில் நீ பெரிய குழலை ஊதிக்கொண்டு எனக்குப் பின்னால் வருவாய். அந்தச் சத்தம் முதுகில் படும்போது எனக்குப் பயமே இருந்ததில்லை. இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

உன் தம்பி,
டெர்க்


டூஸ்புர்க்
13 ஆகஸ்ட் 1974, செவ்வாய்

அன்புள்ள அப்பா,

நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். இந்த வீட்டில் இப்போது அதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

நேற்று சாயங்காலம் நானும் மொய்ராவும் ஆற்றங்கரைக்குப் போய்த் திரும்பினால், பின்கட்டு அடுப்படியில் அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர். நல்ல உடை, இறங்கிய முகம். மேஜையில் மலை மாதிரி திராட்சை ரொட்டி. ஹிசிங்க் அம்மாள் எங்கள் காபிப் பாத்திரத்தையே அடுப்பில் ஏற்றியிருந்தார். பெட்டியை யார் யார் தூக்குவது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. எந்தப் பெட்டி என்று நான் யோசித்தேன், மொய்ரா தன் செல்லோவை அணைத்துக்கொண்டாள்.

ஹிசிங்க் அம்மாள் என் தோளில் கைவைத்து, "எங்கம்மா கிடத்தியிருக்கீங்க?" என்றார்.

"யாரை?"

"எவெர்ட்டைத்தாம்மா. முன் ரூம்லயா?"

"பெரியப்பா விலாங்கு பிடிக்கப் போயிருக்காரே. இப்ப வந்துடுவாரு."

அந்த நேரம் பார்த்துத் தோட்டக் கதவு கிரீச்சிட்டது. வாளி நிறைய விலாங்கோடு பெரியப்பா, சேறு படிந்த பூட்ஸோடு வாசலில். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ரொட்டியைப் பார்த்தார்.

"யாரு போயிட்டா?" என்றார்.

கடைசியில் ஹிசிங்க் அம்மாள்தான் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "நீதான்," என்றார்.

"எப்ப?"

"சனிக்கிழமை."

"பரவால்ல, ஒண்ணும் வலிக்கல," என்றார் பெரியப்பா.

அதன்பிறகுதான் எனக்கு விவரம் தெரிந்தது. நாங்கள் மூடிய திரை, எங்கள் கறுப்பு அங்கி, அந்தப் பெட்டி! மூடிய வீட்டு முன்கதவை யாரும் தட்டமாட்டார்களாம், துக்கத்துக்கு மரியாதை; மூன்றாம் நாள்தான் ரொட்டியோடு பின்வாசல் வழியாக வருவார்களாம். தட்டிக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. கச்சேரியில் என் கையைப் பிடித்து அழுத்தியவர்களை நினைத்தால் இப்போதும் காது சிவக்கிறது. நான் நன்றாக வாசித்தேன் என்று நினைத்தேனே.

பெரியப்பா என்னைத் திட்டவில்லை. பூட்ஸைக் கழற்றிவிட்டு மேஜையில் உட்கார்ந்தார். "என் சாவு ரொட்டி. முதல் துண்டு எனக்கு," என்றார். ஹிசிங்க் அம்மாள் அழுகையும் சிரிப்புமாக வெட்டிக் கொடுத்தார். ஈஸ்டரிலிருந்து இல்லாத பேச்சு அப்படித்தான் மறுபடி தொடங்கியது. பெட்டி தூக்க வந்தவர்கள் எல்லோரும் விலாங்கு வறுத்துத் தின்றுவிட்டுப் போனார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. எல்லோரும் போனபிறகு பெரியப்பா முன்னறைக்கு வந்து திரையைத் திறந்தார். திறந்தவர் துணியைக் கையில் பிடித்தபடியே நின்றார். "இதை உங்கப்பன் மூடச் சொன்னானா?" என்று கேட்டார். இல்லையே, தூங்குவதற்காக மூடினோம் என்றேன். "ம்," என்றார்.

ஹிசிங்க் அம்மாள் இன்று காலை என்னிடம் என்னவோ சொல்ல வந்து, வாயைத் திறந்து, மூடிக்கொண்டு போய்விட்டார். நாளை நாங்கள் வடக்கே லேவார்டனுக்குக் கிளம்புகிறோம். மாதக் கடைசிவரை அங்கேதான் இருப்போம், முகவரி பின்பக்கத்தில்.

அம்மாவுக்கு முத்தம்.

அலீடா


அல்வர்ஸ்டன்
22 ஆகஸ்ட் 1974

அலீடா,

நலம். உன் கடிதம் இன்று வந்தது. கூடவே ஹிசிங்க் அம்மாளுடையதும் வந்தது. செத்தான் என்று சொல்லத் தந்தி கொடுத்தவள், சாகவில்லை என்று சொல்லக் கடிதம் போட்டிருக்கிறாள். தந்தி ஆபீஸுக்குத் திரும்பப் போனால் ஊரே சிரிக்கும் என்று பயமாம்.

நான் உட்கார்ந்து அழுதேன். அம்மா பார்த்துவிட்டாள். அது இருக்கட்டும்.

இப்போது கவனமாகக் கேள். கறுப்புக் கரை போட்ட துக்க உறையில் ஒரு கடிதம் அவன் பெயருக்குப் போயிருக்கிறது. நான் எழுதியது. செத்தவனுக்கு எழுதியது, இருப்பவன் படிக்கக் கூடாது. யாரையாவது பிடித்து, தபால்காரரிடம் சொல்லி, எப்படியாவது அதை நிறுத்து.

அப்பா


லேவார்டன்
30 ஆகஸ்ட் 1974

அன்புள்ள அப்பா,

சுகமாயிருக்கிறேன், ஆனால் உங்கள் காரியம் கைகூடவில்லை. கடிதம் கிடைத்ததும் ஹிசிங்க் அம்மாள் வீட்டுக்குத் தொலைபேசினேன். உறை போன வாரமே வந்துவிட்டதாம்.

அவர் சொன்னது அப்படியே: "கறுப்புக் கரையைப் பார்த்துட்டு உங்க பெரியப்பா வாசல்லயே கேட்டாரும்மா, 'இப்ப யாரு செத்தா?'ன்னு. தபால்காரன், 'மேல உங்க பேருதான் போட்டிருக்கு'ன்னான். வாங்கிட்டு ஜன்னல்கிட்ட நின்னே படிச்சாரு. நான் கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், பொய் சொல்வானேன். முடிச்சதும் திரையை இழுத்து மூடிட்டாரு. பட்டப்பகல்ல. நான் போய்த் தட்டல, யாருக்கும் சொல்லல. ஒரு தடவை பட்டது போதும். சாயங்காலம் தானா திறந்துச்சு."

நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. சொல்ல மனம் வந்தால் சொல்லுங்கள். அடுத்த வாரம் ஊர் திரும்புகிறோம். ஹார்னை நல்லபடி துடைத்து வைத்திருக்கிறேன்.

அலீடா


அல்வர்ஸ்டன்
12 செப்டம்பர் 1974

அலீடா,

பத்திரமாக வந்து சேர்ந்ததில் நிம்மதி. ஜெட் அசதி தீர நன்றாகத் தூங்கு.

படித்துவிட்டு மூடினானா? சரி. எனக்கு இரண்டாவது தடவை. பந்தயத்தில் அம்மாவுக்குத் தோற்றதைக் கொடுத்துவிடு. இனி இந்தப் பேச்சு வேண்டாம்.

நிலம் காய்ந்துவிட்டது. அடுத்த மாதம் விதைக்கிழங்கு நடுகிறோம்.

அப்பா


டூஸ்புர்க்
3 நவம்பர் 1974

டெர்க்,

உயிரோடுதான் இருக்கிறேன். உனக்கு இதைத் தனியாகச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். இந்தக் குளிருக்கு அடுப்பு மூட்டக் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. மதகுக்காரனுக்குக் கதவுதான் திறக்கத் தெரியும், வாய் திறக்கத் தெரியாது.

செத்த மனிதனுக்குக் கிடைக்கும் மரியாதை இருப்பவனுக்குக் கிடைக்காது என்பார்கள். எனக்குக் கிடைத்தது. ரொட்டியும் கிடைத்தது, உன் கடிதமும் கிடைத்தது. இரண்டில் ரொட்டி சீக்கிரம் தீர்ந்துபோனது.

இப்போது அந்தத் திரை விஷயம். நீ செத்தாய் என்றா மூடினேன்? முட்டாளே. எனக்கு அழுகை வந்தது. நீ தெருமுனையில் திரும்பிக் கையைத் தூக்கியதும் பொங்கிக்கொண்டு வந்தது. எதிரே அந்த ஹிசிங்க் அம்மாளின் கண்ணாடி நேராக என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய குழல் ஊதுகிற ஆள், ஊரே பார்க்கும் ஜன்னலில் நின்று மூக்கைச் சிந்துவதா? மூடினேன். அதற்கு வேறு அர்த்தம் உண்டு என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. அழும்போது யாருக்கு வழக்கம் நினைவிருக்கும்?

முகத்தைக் கழுவிவிட்டுத் திறந்தேன். முனையில் நீ இல்லை. மேஜையில் உன் வழிச்சாப்பாட்டு ரொட்டிப் பொட்டலம் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு பஸ் நிற்குமிடத்துக்கு ஓடினேன். பஸ் போய்விட்டது. ரொட்டியை ஆற்று வாத்துகளுக்குப் போட்டேன். போனவன்தான் முதலில் எழுதவேண்டும் என்று காத்திருந்தேன். நீயும் அதேபோல உட்கார்ந்திருக்கிறாய். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பதில் நாம் இருவரும் ஒரு தாய் பெற்றவர்கள்தான்.

உன் மகள் மூடிய திரையை நான் திறக்கும்போது, நீதான் அவளிடம் சொல்லி எனக்குத் திருப்பிக் கொடுத்தாய் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு மறுபடி மூடினேன். ஏன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

டாக்டர் என் நெஞ்சைத் தட்டிப் பார்த்து இன்னும் சில வருஷம் ஓடும் என்கிறார். விலாங்கு பிடிக்கக் கூடாதாம். கோபுரம் கட்டி முடித்துவிட்டார்கள். நீ பார்த்ததில்லை. மூன்றாவது படியை இன்னும் சரிசெய்யவில்லை. தச்சு வேலை உனக்குத்தான் வரும்.

எவெர்ட்

அலீடாவிடம் சொல்: ஒரு வரிக்குப் பந்தயம் கட்டினாள், இரண்டு பக்கம் வந்துவிட்டது. வென்றதை வாங்கிக்கொள்ளட்டும்.


அல்வர்ஸ்டன்
18 நவம்பர் 1974

அண்ணா,

சுகமா இருக்கிறாயா? கேட்டுவிட்டேன். இனி ஒவ்வொரு தடவையும் கேட்பேன், பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தைப் பெரிலுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ரொட்டிப் பொட்டலம் வந்த இடத்தில் என்னால் முடியவில்லை. அவள், "பரவால்ல, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க," என்றாள். அன்றைக்குப் பஸ்ஸிலேயே பசியில் வயிறு காய்ந்தது, அண்ணா. அந்த ரொட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டேனே என்று அர்ன்ஹெம் போகும்வரை நினைத்துக்கொண்டே போனேன். நீ அதைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் ஓடி வந்திருக்கிறாய்.

உருளைக்கிழங்கு தோண்டி முடிய மார்ச் ஆகும். ஏப்ரலில் பெரிலும் நானும் வருகிறோம். அலீடா தானும் வருவாளாம், இந்த முறை ஜன்னலைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்கிறாள். உளியும் சின்ன ரம்பமும் கொண்டு வருகிறேன். படிக்கு ஓக் மரத்துண்டு மட்டும் நீ வாங்கி வை.

நேற்று முன் ஜன்னலுக்குத் திரைக்கம்பி அடித்தேன். பெரில் நீலத்துணி எடுத்து வைத்திருந்தாள், எத்தனை வருஷத்துக்கு முன்பு வாங்கினாளோ, மடிப்பில் மஞ்சள் ஓடியிருந்தது. பரவாயில்லை என்று மாட்டிவிட்டாள். சாயங்காலம் இரண்டு பேரும் மூடி மூடித் திறந்து பார்த்தோம்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துதான் வருவேன். யாரும் எதிர்கொண்டு வரவேண்டாம். நீ ஜன்னலில் நில். தெருமுனையில் கையைத் தூக்குவேன். அழுகை வந்தால் திறந்துவைத்துக்கொண்டே அழு. ஹிசிங்க் அம்மாள் கண்ணாடியில் பார்த்தால் பார்க்கட்டும். எப்படியும் எனக்கும் அப்போது அதே வேலைதான் இருக்கும்.

உன் தம்பி,
டெர்க்


தந்தி
டூஸ்புர்க், 7 ஏப்ரல் 1975

உயிரோடுதான் இருக்கிறேன். திரை துவைக்கப் போயிருக்கிறது. வா. எவெர்ட்.